எஸ்ஸில் தொடங்கும் சொற்கள்: ஒரகடம் ஆலைத் தளத்தின் குட்டி ஆங்கிலம்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் “டேப் எடுத்துட்டு வா” என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த மூலையில் நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். மெஷின் ஷாப்பில் அது துளைக்குள் மரை போடும் வெட்டுக் கருவி. பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டியை மூடும் பசை நாடா. லைன் கடைசியில் நிற்கும் சூப்பர்வைசருக்கு அது உற்பத்திக் கணக்கைப் பதியும் கையகலத் திரை. ஆங்கிலத்தில் இவை மூன்று தனிச் சொற்கள். முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே பொது. தமிழ் வாய்க்குள் வந்ததும் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

இப்படிப்பட்ட சொற்கள் இந்தப் பகுதியில் ஏராளம். ஹூண்டாய் 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றி, 1998இல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2000இல் செயின்ட்-கோபைன் கண்ணாடி ஆலை, 2006இல் நோக்கியா, அடுத்த ஆண்டு சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. நோக்கியா 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்னர் சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் வேரூன்றியது. கொரிய, ஜப்பானிய, ஜெர்மானிய, பிரெஞ்சு முதலாளிகள் ஒருபுறம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களும் மறுபுறம். இத்தனை பேருக்கும் பொதுவாகக் கிடைத்தது ஆங்கில மொழி இல்லை. ஆங்கிலத்திலிருந்து உதிர்ந்த ஓரசைச் சொற்கள்தான் கிடைத்தன. ஷிம், ஷாட், ஜிக், டை, டேக், பின், புஷ், கேட், கேப், கேஜ். வாக்கியம் தமிழிலோ இந்தியிலோ ஓடும். பெயர்ச்சொல் மட்டும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

சொல் குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. அந்த எல்லைக்குள் இருந்தாலும் நீண்ட வாக்கியம் எடுபடாது. ஆனால் குட்டைச் சொல்லுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. பேச்சுச் சொல்லை மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை 1970களிலிருந்து ஆராய்ந்த வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் சொன்னது இது: முதல் ஒலி காதில் விழுந்ததுமே அந்த ஒலியில் தொடங்கும் சொற்கள் அத்தனையும் மனத்தில் எழுந்து நிற்கும், அடுத்தடுத்த ஒலி வர வர ஒவ்வொன்றாக உட்காரும், கடைசியாக நிற்பதே கேட்ட சொல். ஓரசைச் சொல்லில் உட்காரவைக்க வேண்டிய ஒலி ஒன்றோ இரண்டோதான். அதையும் கம்ப்ரஸர் இரைச்சல் விழுங்கிவிட்டால் எல்லாச் சொற்களும் நின்றுகொண்டேயிருக்கும்.

இதன் விளைவை மிக நன்றாகக் காட்டுவது பிளாஸ்டிக் மோல்டிங். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் ஒரு தடவை பாய்வது ‘ஷாட்’. பாய்ந்தது போதாமல் பொருளின் ஓரம் நிரம்பாமல் வந்தால் அது ‘ஷார்ட்’. சரியாக வந்த வேலைக்கும் கெட்டுப்போன வேலைக்கும் இடையே ஓர் ‘ர்’தான் வேறுபாடு; அந்த ‘ர்’ரை ஆங்கிலேயர்களே பெரும்பாலோர் உச்சரிப்பதில்லை, நாம் எங்கே உச்சரிக்கப்போகிறோம்? ஷிஃப்ட் மாறும்போது நோட்டில் ‘ஷாட் 40’ என்று எழுதி வைத்திருந்தால், நாற்பது தடவை ஓட்டினோம் என்கிறாரா, நாற்பது பீஸ் நிரம்பாமல் போயின என்கிறாரா என்று அடுத்த ஷிஃப்ட்காரர் முழிப்பார். அதே கூடத்தில் எலக்ட்ரீஷியன் வந்து “ஷாட் ஆயிடுச்சு ணா” என்றால் அது ஒயர் சமாச்சாரம். வார்ப்படப் பிரிவில் ‘ஷாட் பிளாஸ்டிங்’ என்றால் இரும்புக் குருணைகளை வேகமாக அடித்து வார்ப்பின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வது. எஸ்-எச் என்ற இரண்டெழுத்துக்குப் பின்னால் இத்தனை நிற்கின்றன. ஷிம், ஷாஃப்ட், ஷிஃப்ட், ஷெட் எல்லாம் தனி.

எஃப்-எல் வரிசை இன்னும் சுவையானது. அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் மிகையாகப் பிதுங்கி நிற்கும் மெல்லிய சவ்வு ‘ஃப்ளாஷ்’. கார் கதவும் பக்கத்துத் தகடும் மேடுபள்ளம் இல்லாமல் ஒரே மட்டத்தில் நிற்பது ‘ஃப்ளஷ்’. முன்னது குற்றம், பின்னது குணம். பாடி ஷாப்பில் “கேப்பும் ஃப்ளஷ்ஷும் பாரு” என்பது அன்றாட வாக்கு. புதிதாக வந்தவருக்கு ஃப்ளஷ் என்றால் கழிப்பறை. ஃப்ளாஷ் என்றால் செல்போன் கேமரா. எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குப் போனால் ஃப்ளக்ஸ் வேறு வந்து சேரும். சால்டர் பிடிக்கும் இடத்தில் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்கும் மருந்து அது.

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930இல் இதைக் கவனித்து எழுதினார். ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்கூட்டில் தொடங்கும் சில சொற்கள், வேர் வேறாக இருந்தாலும், பொருளில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. எஃப்-எல் என்றால் பாய்வது, மின்னுவது, படபடப்பது. ஜி-எல் என்றால் ஒளிர்வது. எஸ்-என் என்றால் மூக்கோடு தொடர்புடையது. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைக்கு இது உதவி. சொல் தெரியாவிட்டாலும் சாயல் தெரியும். சலசல, பளபள, மொறுமொறு என்ற இரட்டைக்கிளவிகளில் நமக்கு இருக்கும் வசதி அது. வேற்று மொழிக்காரருக்கோ இதுவே தொல்லை. சாயல் பிடிபடாது, குழப்பம் மட்டும் மிஞ்சும். வடிவத்தில் நெருங்கிய சொற்களை மாற்றிப் புரிந்துகொள்ளும் இந்தப் பிழையை மொழியியலாளர் பாட்டியா லாஃபர் தனியாக ஆராய்ந்து, அச்சொற்களுக்குத் தனிப் பெயரே சூட்டினார். ஆங்கிலம் பயில்வோர் பலரும் தட்டுத்தடுமாறும் இடம் இது என்பது அவர் கண்டது.

தமிழருக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. தொல்காப்பியம் சொல்லின் முதலில் வரும் எழுத்துகளுக்கு வரம்பு கட்டியது. ட முதலில் வராது. இரண்டு மெய் சேர்ந்தும் முதலில் வராது. ஒரகடத்துச் சொற்களோ டை, டேப், டேக், டூல், டென்ட், டார்க் என்று வரம்பை மீறியே தொடங்குகின்றன. இரண்டு மெய்யை உடைக்க நாக்கு தானாக ஓர் ‘இ’யை முன்னால் போட்டுக்கொள்கிறது: இஸ்க்ரூ, இஸ்பேனர், இஸ்டாக். ஸ்க்ராப், ஸ்க்ராட்ச் இரண்டும் இஸ்க்ரா என்றே தொடங்குகின்றன. ஒன்று குப்பைக்குப் போக வேண்டியது, மற்றது பாலிஷ் போட்டால் தேறக்கூடியது. டார்க் என்றால் நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு. இருட்டு என்று நினைத்து விழிக்காத புதியவர் இல்லை.

எழுத்தும் தன் பங்குக்குக் குழப்பம் சேர்க்கிறது. க என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்பதால், பூட்டும் ‘லாக்’ ஆகிறது, பதிவேடும் ‘லாக்’ ஆகிறது. மெஷினைப் பழுது பார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிடும் முறைக்கு லாக்-அவுட் என்று பெயர். அது ஒருவர் உயிரைக் காப்பது. நிர்வாகம் ஆலையையே பூட்டி ஆளை வெளியே நிறுத்துவதும் லாக்-அவுட். 1947 தொழில் தகராறுகள் சட்டம் அதைத் தனியே வரையறுத்தது. பத்திரிகைகள் கதவடைப்பு என்ற அருமையான சொல்லை வெகுகாலமாகப் புழங்கியதால் இரண்டாவது பொருளுக்குத் தமிழ் கிடைத்துவிட்டது. முதலாவதற்கு இன்னும் இல்லை. சி.எல். என்பதும் அப்படியே. நிரந்தரத் தொழிலாளிக்கு அது தற்செயல் விடுப்பு. கான்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கு அது ‘கான்ட்ராக்ட் லேபர்’ என்ற அடையாளம்.

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை. தேநீர் இடைவேளை, சக்கரத்தை நிறுத்தும் கருவி, மெஷின் பழுதாகி நிற்பது, தகட்டை மடிக்கும் பிரஸ் பிரேக் என்ற இயந்திரம் – நான்கும் ஒரே உச்சரிப்பு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டாகப் பிரிவதும் நமக்கு உதவாது. ஆனால் இதில் குழப்பம் வந்ததாகக் கேள்விப்படுவது அரிது. பக்கத்துச் சொல் எப்போதும் காப்பாற்றிவிடுகிறது. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. ‘மா’ என்றால் மரமா, விலங்கா, நில அளவா என்று நாம் என்றைக்காவது திணறியிருக்கிறோமா? ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது தமிழனுக்குப் புதிதில்லை. ஒரே இடத்தில், ஒரே வேலைக்குள், ஒரே தொடக்க ஒலியோடு எதிரெதிர்ப் பொருள் இரண்டு வந்து நிற்பதுதான் ஆபத்து. ஷாட்டும் ஷார்ட்டும் போல.

முதலெழுத்து ஒன்றாவது தற்செயலாக நேர்ந்தது என்று இதுவரை பார்த்தோம். வேண்டுமென்றே ஒன்றாக்கப்பட்டவையும் உண்டு. அதில் தலையாயது ‘ஃபைவ் எஸ்’. இந்தப் பகுதியில் அந்தப் பலகை இல்லாத ஆலை வாசலைக் காண்பது கடினம். மூலம் ஜப்பானிய மொழி: செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. தேவையற்றதை அகற்று, தேவையானதை அதனதன் இடத்தில் வை, பெருக்கித் துடை, அந்தத் தூய்மையைக் காப்பாற்று, இதைப் பழக்கமாக்கு என்ற ஐந்து. ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் பொருளை விட எஸ் என்ற எழுத்தைக் காப்பாற்றுவதில் அக்கறை காட்டினார்கள்: ஸார்ட், செட், ஷைன், ஸ்டான்டர்டைஸ், சஸ்டெய்ன். நான்காவதைப் பாருங்கள். செய்கெட்சு என்றால் சுத்தம், தூய்மை. அது ‘தரப்படுத்து’ ஆகிவிட்டது. ஐந்தாவது ஷிட்சுகே, ஒரு வீடு தன் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் நடத்தை ஒழுங்கைக் குறிக்கும். துணி தைக்கும் முன் போடும் ஓட்டுத்தையலுக்கும் அதே பெயர். அந்த அழகான சொல் ‘தொடர்ந்து செய்’ என்று வறண்டுபோனது.

இதைத் தமிழாக்கினால் என்ன ஆகிறது? வகைப்படுத்து, ஒழுங்குபடுத்து, சுத்தப்படுத்து, தரப்படுத்து, நிலைப்படுத்து. முதலெழுத்து ஐந்தும் வேறு. கடைசி மட்டும் ஒன்று. ஜப்பானியரும் ஆங்கிலேயரும் கொடுத்த மோனையை நாம் இயைபாக மாற்றிவிட்டோம். மோனைக்குப் பேர்போன மொழியில் இப்படி நேர்ந்தது வேடிக்கைதான். ஆனால் நினைவுக்கு இதனால் பெரிய நட்டமில்லை என்பது என் எண்ணம். ஆடிட் நாளில் “ஃபைவ் எஸ் என்னப்பா?” என்று கேட்டால் பையன் ஐந்தையும் ஒப்பிப்பான், மூன்றாவது எஸ்ஸுக்கும் நான்காவதுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கேட்டவருக்கே விடை தெரியாது. முதலெழுத்து ஒன்றாக இருப்பது எத்தனை உருப்படி என்று எண்ணுவதற்கு உதவும். எது எது என்று பிரித்தறிய உதவாது. பிரித்தறியத்தான் தொழிலாளிக்குச் சொல் வேண்டும். எண்ணுவது ஆடிட்டரின் தேவை.

இந்தக் கலாசாரம் கொரிய, ஜப்பானியக் கார் கம்பெனிகளோடு மட்டும் வந்ததாக நினைக்க வேண்டியதில்லை. பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டன் 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. அந்தத் தலைமுறை எஞ்சினியர்களும் அவர்களிடம் பொருள் கொடுத்த சிறு பட்டறைகளும் இந்த எழுத்துச் சூத்திரங்களைச் சென்னையைச் சுற்றிப் பரப்பின. ஃபைவ் எஸ்ஸுக்கு அடுத்தது ஃபோர் எம்: மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட். குறை எங்கிருந்து வந்தது என்று தேட ஜப்பானிய வல்லுநர் இஷிகாவாவின் மீன்முள் படத்தில் எழுதும் தலைப்புகள் இவை. வழக்கமான ஆள் வராமல் வேறொருவர் நின்றால் லைன் பலகையில் ‘மேன் சேஞ்ச்’ என்று குறித்து, அவர் செய்யும் முதல் சில பீஸ்களைத் தனியே சோதிக்க வேண்டும். நல்ல முறை. ஆனால் செல்போன் ஆலைகளின் லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். ஒரு பெண்ணுக்குப் பதில் இன்னொரு பெண் நிற்க, பலகையில் ‘மேன்’ மாறியதாக எழுதுகிறார்கள். எம் என்ற எழுத்தைக் கைவிட மனம் வராததால் அந்தச் சொல் அங்கேயே இருக்கிறது.

ஒரு சொல் பல பொருளில் குழம்பும் இந்தச் சிக்கலை உலகம் எப்படிக் கையாண்டது? சி. கே. ஆக்டன் 1930இல் 850 சொல்லில் ஓர் அடிப்படை ஆங்கிலம் வகுத்தார். திருவள்ளூரிலும் ஆலை வைத்திருக்கும் கேட்டர்பில்லர் 1970களில் தன் இயந்திரக் கையேடுகளுக்கு ஏறத்தாழ 800 சொல் கொண்ட தனி ஆங்கிலம் ஒன்றை முயன்று பார்த்தது. விமானத் தொழில் இன்னும் கறாராகப் போனது. அதன் பராமரிப்புக் கையேட்டு ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். மூடு என்ற பொருளில் வரும் ‘க்ளோஸ்’ அருகில் என்ற பொருளில் வரக்கூடாது. விமானத் தொழிலுக்கு இந்தக் கறார் வந்ததில் வியப்பில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டத்தில், வானொலி இரைச்சலுக்கு நடுவே, கட்டுப்பாட்டு அறை சொன்ன ‘ஓக்கே’யும் விமானி சொன்ன ‘டேக்-ஆஃப்’பும் ஆளுக்கொரு பொருளில் புரிந்துகொள்ளப்பட்டன. அதன்பின், புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர டேக்-ஆஃப் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. ஒரு சொல்லை விளக்குவதை விட, அதை வேறு இடங்களில் தடை செய்வது மேல் என்று கண்டுகொண்டார்கள்.

பட்டறைக்கு அந்த அளவு கறார் தேவையா என்று கேட்கலாம். ஒரு துளை அளக்கும் பிளக் கேஜை எடுத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் துளை, எச்7 அளவு என்றால் 20.000க்கும் 20.021க்கும் இடையில் இருக்க வேண்டும். கேஜின் ஒரு முனை ‘கோ’. அது துளைக்குள் இறங்க வேண்டும். சிவப்பு அடித்த குட்டை முனை ‘நோ-கோ’; அது இறங்கக் கூடாது. “கோ இறங்கல” என்றால் துளை சிறியது. மறுபடி கடைந்து சரிசெய்யலாம். “நோ-கோ இறங்கிடுச்சு” என்றால் துளை பெரிதாகிவிட்டது, பீஸ் போச்சு. இரைச்சலில் அந்த ‘நோ’ காணாமல் போனால் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் இடம் மாறும். அனுபவப்பட்ட ஆபரேட்டர்கள் இதற்கு வாயை நம்புவதில்லை. கேஜின் சிவப்பு முனையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

தமிழ்ச் சொல்லே போட்டுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. ஒடியாக்காரரும் இந்திக்காரரும் பாதிக்குப் பாதி நிற்கும் ஃபவுண்டரியில் பெரும்பான்மை மொழி எது? கிண்டியில் இருக்கும் தேசிய பயிற்று ஊடக நிறுவனம் ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது; அதைப் படித்து வரும் பிள்ளை இங்கே வந்ததும் அந்தத் தமிழை மறக்கத்தான் பழகுகிறான். அதே வேளை யாரும் திணிக்காமலே நிற்கும் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. வெட்டிய தகட்டின் விளிம்பில் முள்போல் நிற்பதை ‘பர்’ என்று டிராயிங்கில் எழுதினாலும் ஆபரேட்டர் வாயில் அது பிசிறு. டென்ட்டும் அதைவிடச் சிறிய டிங்கும் பாடி ஷாப் படிவத்தில் இரண்டு. பெயின்ட்டருக்கு இரண்டும் டொக்கு. நட்டுக்குள் இருப்பது மரை. உரசித் தேய்ப்பது அரம். ஆங்கிலத்தில் சொன்னால் ஃபைல், அலுவலகக் கோப்போடு போய்ச் சேரும். இவை ஒன்றோடொன்று முதலெழுத்தில் மோதாததைக் கவனிக்க வேண்டும். பிசிறு, டொக்கு, மரை, அரம் – எந்த இரைச்சலிலும் ஒன்றை மற்றொன்றாகக் கேட்க முடியாது. புது ஆலை ஒன்று சொல் பட்டியல் தயாரிக்கும்போது தமிழா ஆங்கிலமா என்று பார்ப்பதற்கு முன் இந்தச் சோதனையை வைக்கலாம். ஷாட்டுக்கு ஷாட்டையே வைத்துக்கொள்ளட்டும். ஷார்ட்டைக் ‘குறை’ என்றாக்கினால் போதும். பிகார்காரரும் இரண்டு நாளில் சொல்லிவிடுவார்.

கடைசியாக ஒன்று, கணினி வந்தபின் முளைத்தது. இப்போது குறைகளை நோட்டில் எழுதுவது குறைந்து திரையில் தொட்டுத் தேர்ந்தெடுப்பது வந்துவிட்டது. பட்டியல் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில் இருக்கும். பிளாஸ்டிக் மோல்டிங்கில் அதன் பலன் என்ன தெரியுமா? ஸ்க்ராட்ச், ஷார்ட், ஷ்ரிங்கேஜ், சில்வர், சிங்க், ஸ்டெய்ன் எல்லாம் எஸ்ஸின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. கீறல், நிரம்பாமை, சுருக்கம், வெள்ளிக்கோடு, குழி, கறை – தனித்தனியே பிரித்தறிய வேண்டிய ஆறு நோய்கள். அடுத்த பீஸ் வந்துவிடும் அவசரத்தில், கையுறை போட்ட விரல் ஒரு வரி தள்ளிப் பட்டாலும் போயிற்று. மாதக் கடைசியில் அந்த எண்களை வைத்துத்தான் அச்சைப் பழுது பார்ப்பதா, பிரஷரைக் கூட்டுவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

சொற்களை முதலெழுத்துப்படி அடுக்குவது எப்போதும் இயல்பாக இருந்ததில்லை. தமிழில் அதைச் செய்த முதல் நூல் 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு. ராபர்ட் காட்ரியின் முதல் ஆங்கில அகராதிக்குப் பத்தாண்டு முந்தியது. அகராதி நிகண்டுக்கு முந்தைய திவாகர நிகண்டு பொருளை வைத்துத்தான் அடுக்கியது: தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், கையால் செய்த பொருள்களின் பெயர் என்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவனவற்றை அது தனித் தொகுதியாகவே பிரித்து வைத்தது. எழுதிய சொல்லின் பொருள் தெரியாதவர் தேடுவதற்கு அகரவரிசை. பொருள் கண்முன் இருக்க, அதற்குப் பெயர் தேடுபவருக்குத் திவாகர வரிசை. லைனில் நிற்பவர் இரண்டாம் வகை. அவர் கையில் கெட்டுப்போன பீஸ் இருக்கிறது. ஆகவே பட்டியலை ஓரத்தில் வரும் குறை, மேற்பரப்பில் வரும் குறை, நிறத்தில் வரும் குறை என்று பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தக் குறையின் படத்தைப் போடுவதே முறை. சில இடங்களில் பொருளின் படத்தையே திரையில் வைத்து, குறை இருக்கும் இடத்தைத் தொடச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மென்பொருளில் இதைச் செய்வது ஒரு நாள் வேலைகூட இல்லை. பட்டியலை யார் பயன்படுத்துகிறார் என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.